மருத்துவ இயற்பியலாளர் ஆவதற்கான இளநிலைப் பட்டத் தேர்வு

மருத்துவ இயற்பியலாளர் என்பவர் இயற்பியலின் விதிகளையும் அளவீட்டு முறைகளையும் நோயறிதலிலும் சிகிச்சையிலும் பயன்படுத்தும் அறிவியலாளர் ஆவார். இந்தியாவில் இவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றுகின்றனர். இவர்கள் மருத்துவர்கள் அல்லர். எம்.பி.பி.எஸ். பட்டமோ நீட் தேர்வோ இப்பணிக்குத் தேவையில்லை. இதற்கான தகுதி முதுநிலைப் படிப்பில்தான் முழுமை பெறுகிறது. ஆனால் அந்த முதுநிலைப் படிப்பில் சேர முடியுமா என்பது, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் தேர்ந்தெடுக்கும் இளநிலைப் பட்டத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. 'கதிரியல்', 'மருத்துவம்', 'உயிர்மருத்துவம்' என்னும் சொற்களைப் பெயரில் கொண்ட பட்டப் படிப்புகள் பல உள்ளன. அவற்றுள் எவை இப்பணிக்கு இட்டுச் செல்லும், எவை வேறு பணிகளுக்கு உரியவை என்பதை அறியாமல் சேர்ந்தால் மூன்று நான்கு ஆண்டுகளும் குடும்பத்தின் பணமும் வீணாகக்கூடும்.

பணியின் தன்மை

கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் மூவரின் பணி இணைந்து நடைபெறுகிறது. எந்த உறுப்புக்கு, எத்தனை கிரே அளவு கதிர் தரவேண்டும் என்பதைப் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்கிறார். அந்த அளவு கட்டியின் மீது சரியாக விழவும், அருகிலுள்ள தண்டுவடம், நுரையீரல் போன்ற உறுப்புகள் இயன்றவரை தப்பவும் தேவையான திட்டத்தையும் கணக்கீட்டையும் மருத்துவ இயற்பியலாளர் செய்கிறார். இயந்திரம் தரும் கதிரின் அளவை அளந்து சரிபார்ப்பதும் அவருடைய பொறுப்பாகும். நோயாளியைப் படுக்கவைத்து, நிலையைச் சரிசெய்து, நாள்தோறும் சிகிச்சையை அளிப்பவர் கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்புநர்.

இப்பணியில் பள்ளி இயற்பியலின் அடிப்படைகள் எவ்வாறு நேரடியாகப் பயன்படுகின்றன என்பதற்குக் கோபால்ட்-60 இயந்திரம் நல்ல எடுத்துக்காட்டு. கோபால்ட்-60 ஐசோடோப்பின் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு வீதம் அதன் வலிமை குறைந்துகொண்டே வரும். இன்று ஒரு புள்ளியில் நிமிடத்துக்கு 1 கிரே தரும் இயந்திரத்தில் 2 கிரே கொடுக்க 2 நிமிடம் போதும். 5.27 ஆண்டுகளுக்குப் பின் அதே அளவுக்கு 4 நிமிடம் வேண்டும். தொலைவும் அவ்வாறே. கதிரின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், 80 செ.மீ. தொலைவில் இருக்கவேண்டிய நோயாளி 85 செ.மீ. தொலைவில் இருந்தால் கிடைக்கும் கதிர் சுமார் 11 விழுக்காடு குறைந்துவிடும்.

இக்கணக்கு தவறினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1974 முதல் 1976 வரை நடந்த நிகழ்வு சான்றாக உள்ளது. அங்கு ஒரு மருத்துவமனையின் கோபால்ட் இயந்திரத்துக்கான சிதைவு வளைகோடு தவறாக வரையப்பட்டது. இயந்திரம் உண்மையில் தந்த கதிரைவிடக் குறைவாகவே தருவதாக அந்த வளைகோடு காட்டியது. எனவே சிகிச்சை நேரம் தேவைக்கு மேல் நீட்டிக்கப்பட்டது. 22 மாதங்கள் வரை யாரும் கதிரை நேரடியாக அளந்து பார்க்கவில்லை. 426 நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிரைப் பெற்றனர். அரை ஆயுட்காலம் என்பது தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டும் நின்றுவிடும் பாடம் அன்று என்பதை இது உணர்த்துகிறது. மருத்துவ இயற்பியலாளருக்கு ஆழமான இயற்பியல் அடிப்படை கேட்கப்படுவதன் காரணமும் இதுவே.

கதிர்வீச்சு சிகிச்சை தவிர, சி.டி. ஸ்கேன் முதலிய படிமக் கருவிகளின் தரத்தைச் சோதித்தல், அணுக்கரு மருத்துவத்தில் கதிரியக்கப் பொருள்களின் அளவைக் கணித்தல், சிகிச்சை அறைச் சுவரின் தடிமனைக் கணக்கிடுதல், பணியாளர்களின் பாதுகாப்பைக் கண்காணித்தல் ஆகியனவும் இவர்களின் பணிகளாகும்.

இந்தியாவில் வேண்டப்படும் தகுதி

இந்தியாவில் கதிர்வீச்சைப் பயன்படுத்தும் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் அமைப்பு, 1983-இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஆகும். கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராகப் பணியாற்ற இவ்வாரியம் வகுத்துள்ள தகுதியை அடைய இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி: இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, அதன்பின் கதிரியல் இயற்பியல் அல்லது மருத்துவ இயற்பியலில் முதுநிலைக்குப் பிந்தைய பட்டயம் பெறுதல்.

இரண்டாம் வழி: இயற்பியலை முதன்மைப் பாடங்களுள் ஒன்றாகக் கொண்ட அறிவியல் இளநிலைப் பட்டம் பெற்று, அதன்பின் மருத்துவ இயற்பியல் அல்லது கதிரியல் இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெறுதல்.

இரண்டு வழியிலும், படிப்பு முடிந்தபின் தேவையான வசதிகள் கொண்ட கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் குறைந்தது 12 மாதங்கள் உள்ளிருப்புப் பயிற்சி பெறவேண்டும். ஆக, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் முதல் வழியில் சுமார் 7 ஆண்டுகளும் இரண்டாம் வழியில் சுமார் 6 ஆண்டுகளும் ஆகும். இதன் பிறகு உரிய சான்றுத் தேர்வில் தேர்ச்சி பெற்று, வாரியத்தின் ஒப்புதலுடன் கதிரியல் பாதுகாப்பு அலுவலர் என்னும் பொறுப்பையும் ஏற்கலாம். மருத்துவமனைகள் இத்தகுதி உடையவர்களை விரும்பி எடுத்துக்கொள்கின்றன.

மேலே சொன்ன இரு வழிகளையும் பின்னோக்கிப் பார்த்தால், இரண்டும் ஓரிடத்தில் சந்திப்பது தெரியும். எம்.எஸ்சி. இயற்பியலில் சேரவும் பி.எஸ்சி. இயற்பியல் வேண்டும். எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியலில் சேரவும் இயற்பியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட பி.எஸ்சி. வேண்டும். எனவே பி.எஸ்சி. இயற்பியல் என்னும் பழைய, பெயரில் கவர்ச்சியற்ற பட்டமே இரு கதவுகளையும் திறந்து வைக்கிறது.

இயற்பியலை முதன்மைப் பாடமாகக் கொள்வது என்பதன் பொருள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. பட்டத்துக்கு ஒரு முதன்மைப் பாடமும், சில துணைப்பாடங்களும் இருக்கும். இயற்பியல் முதன்மைப் பாடமாகவும் கணிதம், வேதியியல் துணைப்பாடங்களாகவும் அமையும் வழக்கமான அமைப்பு இத்துறைக்கு மிகவும் பொருத்தமானது. சில மாநிலங்களில் இயற்பியல், கணிதம், வேதியியல் என மூன்று பாடங்களையும் சமமாகக் கற்பிக்கும் பட்டம் உள்ளது. அதிலும் இயற்பியல் முதன்மைப் பாடங்களுள் ஒன்று என்பதால் வழி அடைபடுவதில்லை. இயற்பியலில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. படிப்பவர்கள் முதல் வழியில் செல்லலாம்.

ஆனால் கணிதத்தையோ வேதியியலையோ முதன்மைப் பாடமாக எடுத்து, இயற்பியலைத் துணைப்பாடமாக மட்டும் படித்தவரின் நிலை வேறு. துணைப்பாடமாக ஓராண்டு இயற்பியல் படிப்பது முதன்மைப் பாடமாகப் படிப்பதற்கு ஈடாகாது. பட்டச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் இயற்பியல் எந்த இடத்தில் உள்ளது என்பதுதான் சேர்க்கையின்போது பார்க்கப்படும்.

பெயர் ஒத்த பிற பட்டங்கள்

மாணவர்களும் பெற்றோர்களும் அதிகம் குழம்புவது இவ்விடத்தில்தான். கீழ்க்காணும் பட்டங்கள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய மதிப்பும் வேலைவாய்ப்பும் உடையது. எதையும் தாழ்வாகக் கருதவேண்டியதில்லை. ஆனால் அவை செல்லும் ஊர் வேறு.

கதிரியல் மற்றும் படிமவியல் தொழில்நுட்பம்: எக்ஸ்-கதிர், சி.டி., எம்.ஆர்.ஐ. கருவிகளை இயக்குவதற்கான படிப்பு. உடற்கூறும் கருவிகளை இயக்கும் முறையும் இதில் முக்கியமானவை. இயற்பியல் ஓரிரு தாள்களாக மட்டும் இருக்கும்.

கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பம்: புற்றுநோயாளிகளுக்கு இயந்திரத்தின் மூலம் சிகிச்சை அளிக்கும் தொழில்நுட்புநருக்கான படிப்பு. மருத்துவ இயற்பியலாளருடன் ஒரே பிரிவில் பணியாற்றுவதால் இரண்டும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். விரைவில் வேலைக்குச் செல்ல விரும்புவோருக்கு இது நல்ல வழி. மருத்துவ இயற்பியலாளர் ஆவதற்கு இதுவே முதல் படி என்று கருதிச் சேர்வதுதான் பிழை.

அணுக்கரு மருத்துவத் தொழில்நுட்பம்: காமா கேமரா, பெட் ஸ்கேன் போன்றவற்றை இயக்குவோருக்கான படிப்பு. இதுவும் தொழில்நுட்புநர் பணிக்கு உரியது.

உயிர்மருத்துவப் பொறியியல்: மருத்துவக் கருவிகளை வடிவமைத்தல், நிறுவுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கான பொறியியல் படிப்பு. கருவி உற்பத்தி நிறுவனங்களிலும் மருத்துவமனைகளின் பராமரிப்புப் பிரிவுகளிலும் வேலை கிடைக்கும். ஆனால் வாரியத்தின் நிபந்தனை இயற்பியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டத்தைக் குறிப்பிடுவதால், இப்பட்டத்தை நம்பி மருத்துவ இயற்பியலுக்குத் திட்டமிடுவது பாதுகாப்பானதன்று.

கல்லூரி விளம்பரங்களில் இப்படிப்புகளுக்கு அருகே 'மருத்துவ இயற்பியலாளர் ஆகலாம்' என்ற வரி இருந்தால், எந்த முதுநிலைப் படிப்பின் வழியாக, எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

பள்ளிப் பருவத்தில் கவனிக்க வேண்டியவை

பி.எஸ்சி. இயற்பியலில் சேரப் பெரும்பாலான கல்லூரிகள் மேல்நிலை வகுப்பில் இயற்பியலுடன் கணிதமும் படித்திருக்கவேண்டும் என எதிர்பார்க்கின்றன. எனவே பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே கணிதம் உள்ள பிரிவை எடுப்பது முக்கியம். மருத்துவமனையில் வேலை என்பதால் தாவரவியல், விலங்கியல் உள்ள பிரிவுதான் தேவை என எண்ணிக் கணிதத்தைக் கைவிடுவோர் உள்ளனர். மருத்துவ இயற்பியலாளருக்குத் தேவையான உடற்கூறு, உடலியங்கியல், கதிர் உயிரியல் ஆகியவை முதுநிலையில் அடிப்படையிலிருந்து கற்பிக்கப்படுகின்றன. கணிதத்தை அவ்வாறு அங்கே முதலிலிருந்து தொடங்க இயலாது.

தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடைபெறுகிறது. கட்டணம் குறைவு. மருத்துவ இடம் கிடைக்கவில்லையே என்று ஓராண்டு, ஈராண்டு வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளுள் இயற்பியலிலும் கணிதத்திலும் நாட்டம் உள்ளவர்கள் இவ்வழியைப் பற்றி அறிந்திருப்பது நன்று. ஆயினும், மருத்துவம் கிடைக்காததற்கு மாற்றாக மட்டும் இதைக் கருதக்கூடாது. இயற்பியலில் விருப்பம் இல்லாதவருக்கு ஆறு ஏழு ஆண்டுகள் இயற்பியல் படிப்பது பெரும் சுமையாகும்.

இளநிலை ஆண்டுகளில் வலுப்படுத்த வேண்டிய பாடங்கள்

இளநிலைப் பாடத்திட்டத்தில் எல்லாமே சம அளவில் பின்னர் பயன்படும் என்று கூற இயலாது. கீழ்க்காண்பவை சிறப்பான கவனத்துக்கு உரியவை.

1. அணு மற்றும் அணுக்கரு இயற்பியல். ஒளிமின் விளைவு, காம்ப்டன் சிதறல், இணை உருவாக்கம் ஆகிய மூன்றும் எக்ஸ்-கதிரும் காமாக் கதிரும் உடலில் எவ்வாறு உட்கவரப்படுகின்றன என்பதை விளக்குகின்றன. எலும்பு எக்ஸ்-கதிர்ப் படத்தில் வெண்மையாகத் தெரிவதன் காரணமும் இங்கேதான் உள்ளது.

2. மின்காந்தவியலும் மின்னணுவியலும். லினாக் எனப்படும் நேரியல் முடுக்கி, நுண்ணலைகளைக் கொண்டு எலக்ட்ரான்களை முடுக்குகிறது. எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு இயங்குகிறது.

3. நுண்கணிதமும் புள்ளியியலும். அடுக்குக்குறிச் சார்புகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், பிழைக் கணிப்பு ஆகியவை அன்றாடத் தேவைகள்.

4. செய்முறை வகுப்பு. அளவீட்டை மூன்று முறை எடுத்தல், சராசரி காணுதல், வரைபடம் வரைதல், கிடைத்த விடை பொருத்தமானதா என்று ஐயுறுதல் ஆகிய பழக்கங்கள் பிற்காலத்தில் நோயாளியைக் காக்கும் பழக்கங்களாகும். மற்றவர் குறிப்பேட்டைப் பார்த்து எழுதும் வழக்கம் இத்துறைக்கு வர நினைப்பவரிடம் இருக்கக்கூடாது.

5. கணினி நிரலாக்கம். பைத்தான் போன்ற ஒரு மொழியில் தேர்ச்சி இருந்தால் சிகிச்சைத் திட்டமிடும் மென்பொருள்களைப் புரிந்துகொள்வது எளிதாகும்.

மதிப்பெண்ணும் முக்கியம். முதுநிலை இடங்கள் குறைவு, போட்டி அதிகம். இளநிலையில் 60 விழுக்காட்டைக் குறைந்த இலக்காகக் கொள்வது நலம்.

முதுநிலைப் படிப்பு உள்ள இடங்கள்

மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் கதிரியல் இயற்பியல் பட்டயம் இந்தியாவில் இத்துறையின் மூத்த படிப்பாகும். உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1962-இல் தொடங்கப்பட்ட இந்த ஓராண்டுப் படிப்பில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள் சேரலாம்.

தமிழ்நாட்டில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம், கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகம், திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவை எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படிப்பை நடத்திவரும் நிறுவனங்களுள் சில. எந்த ஆண்டில் எத்தனை இடங்களுக்குச் சேர்க்கை என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பிற நாடுகளில்

வெளிநாடுகளிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. வட அமெரிக்காவில் மருத்துவ இயற்பியல் முதுநிலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு, சேர்பவர்கள் இயற்பியலில் பட்டமோ, வேறு அறிவியல் அல்லது பொறியியல் பட்டத்துடன் போதிய உயர்நிலை இயற்பியல் பாடங்களோ படித்திருக்கவேண்டும் என்கிறது. ஐக்கிய இராச்சியத்தில் அரசு நலவாழ்வுத் துறை நடத்தும் மூன்றாண்டுப் பயிற்சித் திட்டத்துக்கும் இயற்பியல் பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இலங்கையில் பௌதிகவியலில் பட்டம் பெற்றோருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பௌதிகவியல் முதுநிலைப் படிப்பு உள்ளது.

இயற்பியலில் இருந்து மருத்துவத்துக்கு வந்தவர்களுள் ஆலன் கார்மாக் குறிப்பிடத்தக்கவர். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்த அவர், 1956-இல் அங்குள்ள மருத்துவமனையில் பகுதிநேர இயற்பியலாளராகப் பணிபுரிய நேர்ந்தது. உடலின் வெவ்வேறு பகுதிகள் எக்ஸ்-கதிரை எவ்வளவு உட்கவர்கின்றன என்பதை வெளியிலிருந்தே கணிக்கும் வழியை அப்போது அவர் சிந்திக்கத் தொடங்கினார். அவ்வாய்வே சி.டி. ஸ்கேனுக்குக் கணித அடிப்படையாயிற்று. 1979-இல் பொறியியலாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டுடன் இணைந்து மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

கதிர்வீச்சு பற்றிய அச்சம்

பிள்ளை நாள்தோறும் கதிர்வீச்சுக்கு நடுவே வேலை செய்ய வேண்டுமே என்ற கவலை பெற்றோருக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு இருப்பது இயல்பு. சிகிச்சையின்போது நோயாளி மட்டுமே அறைக்குள் இருப்பார். பணியாளர்கள் தடித்த கற்காரைச் சுவருக்கு வெளியே இருந்து திரையில் கண்காணிப்பர். நேரியல் முடுக்கி, மின்சாரம் நிறுத்தப்பட்டால் கதிரை வெளியிடாது. பணியாளர்கள் அணியும் அளவீட்டுப் பட்டை, அவர்கள் பெற்ற கதிரின் அளவைப் பதிவு செய்கிறது. இந்தியாவில் பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது. கருவுற்ற பணியாளருக்குத் தனியே கடுமையான வரம்பு உண்டு. இவ்விதிகள் மீறப்படாமல் காப்பதே மருத்துவ இயற்பியலாளரின் கடமைகளுள் ஒன்று.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இளநிலைப் படிப்பில் சேரும்போது:
- பட்டச் சான்றிதழில் இயற்பியல் முதன்மைப் பாடமாகக் குறிக்கப்படுமா?
- கணிதம் துணைப்பாடமாக உண்டா?
- இப்பட்டத்துடன் எம்.எஸ்சி. இயற்பியல், எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் ஆகிய இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியுமா?

முதுநிலைப் படிப்பில் சேரும்போது:
- இப்படிப்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கிறதா?
- செய்முறைப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனையுடன் உடன்பாடு உள்ளது? அங்கு நேரியல் முடுக்கி இருக்கிறதா?
- 12 மாத உள்ளிருப்புப் பயிற்சிக்கு நிறுவனமே ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா?
- முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே பணியாற்றுகிறார்கள்?

2021-ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தில் மருத்துவ இயற்பியலாளர் பணியும் இடம்பெற்றுள்ளது. ஆகவே விதிகள் மேலும் வரையறுக்கப்படலாம். சேரும் ஆண்டில் நடப்பிலுள்ள விதியை வாரியத்தின் இணையதளத்தில் நேரடியாகப் பார்ப்பதே உறுதியான முறை.

மனம் மாறினால்

பதினேழு வயதில் எடுக்கும் முடிவு இருபது வயதில் மாறலாம். முதுநிலை இடம் கிடைக்காமலும் போகலாம். அப்போது கையில் இருக்கும் பட்டம் வேறு எதற்குப் பயன்படும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர் பி.எட். படித்து ஆசிரியராகலாம், பொருள் அறிவியல், வானியற்பியல், மின்னணுவியல், தரவு அறிவியல் எனப் பிற முதுநிலைத் துறைகளுக்குச் செல்லலாம், பட்டதாரிகளுக்கான போட்டித் தேர்வுகளை எழுதலாம். ஒரே பணிக்கென வடிவமைக்கப்பட்ட பட்டத்தில் இத்தனை வழிகள் இருப்பதில்லை. மருத்துவ இயற்பியலாளர் ஆக விரும்பும் மாணவருக்கு மட்டுமன்றி, அதைப் பற்றி இன்னும் முழுமையாக முடிவு செய்யாத மாணவருக்கும் பி.எஸ்சி. இயற்பியல் பொருத்தமான தொடக்கமாக இருப்பது இதனால்தான்.